பம்பருக்கடியில் சிவப்பு

அவள் பேரை எழுத மாட்டேன். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா, எனக்கு அண்ணி முறை. இருந்த காலம் வரைக்கும் வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்ததும் 'அவர்' போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கை வரவில்லை, அவள் என்றே இருக்கட்டும். பேரை எழுதினால் யாராவது படித்துவிட்டு, "அடடா, தம்பியைக் காப்பாத்தின மகராசியாச்சே" என்று உச்சுக் கொட்டுவார்கள். செஞ்சியில் அப்படிச் சொல்லும் கிழங்கள் இன்னும் இரண்டு மூன்று உண்டு. அவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

கட்டையான உடம்பு. இடுப்பில் எப்போதும் ஒரு வெற்றிலைப் பை. புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை குட்டி கிடையாது. குழாயடியில் நாலு பேர் மயிரைப் பிடித்துக்கொண்டு உருளும்போதும் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போவாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பசு என்பார்கள். தெரிந்தவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவளை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், அந்தச் சொல்லை ஊறுகாய் மாதிரி ஜாடியில் போட்டு மூடி வைத்துவிடுவாள். பதிலுக்கு நறுக்கென்று கேட்க வேண்டியதுதானே அண்ணி என்றால், "கூழு ஆறட்டும்டி. சுடச்சுடக் குடிச்சா நாக்குதான் வேவும்" என்பாள்.

பக்கத்து வீட்டுக்காரி காயப்போட்டிருந்த கம்பு தானியத்தை அண்ணியின் கோழி போய்க் கொத்திவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி விட்ட கல்லில் கோழிக்குக் கால் ஒடிந்துபோனது. அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோழியை அடித்துக் குழம்பு வைத்து, அந்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினாள். மறுநாளிலிருந்து தன் கொல்லையில் தினமும் ஒரு கை நொய் இறைத்தாள். கோழிக்கு ஏது விசுவாசம்? ஒன்றொன்றாகப் பக்கத்து வீட்டுப் பெட்டைகளெல்லாம் இங்கே வந்து, இங்கேயே அடைந்து, இங்கேயே முட்டை போட ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுக்காரி வந்து சண்டை பிடித்தபோது அண்ணி முறத்தைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "நீ கல்லு எறிஞ்சே, நான் நொய்யி எறிஞ்சேன். எங்க போவணும்னு அதுங்களுக்குத் தெரியுது. நான் இன்னா பண்ணட்டும்?"

என் கல்யாணத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் தெரியாத்தனமாக அவளை இரண்டாம் பந்தியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. நாலைந்து வருஷம் கழித்து அவள் வீட்டில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தாள். எங்கம்மாவும் வந்திருந்தாள். முதல் பந்தி எழுந்தது. எங்கம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், எச்சில் தண்ணீர் ஓடும் இடத்தில் இலை போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறியும் விட்டாள். "நல்லா சாப்டுங்க சம்பந்தி, கூச்சப்படாதீங்க." எங்கம்மா வீடு திரும்பும்போது சொல்லித்தான் அந்தக் கல்யாணப் பந்தி எனக்குத் தெரிந்தது. கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுப்பாள். ஒரு பருக்கை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்று உண்டு.

எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு மல்லாட்டை மண்டியில் பருப்பு பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் சரக்கு குறைகிறது என்று மண்டி முதலாளி வாசலில் நின்றுகொண்டான். எல்லாப் பெண்களையும் விட்டுவிட்டு இவளை மட்டும் நிறுத்தினான். மூட்டை தூக்குகிறவர்களும் வண்டிக்காரர்களும் நின்று பார்க்கிறார்கள். "மடியை உதறு" என்றான். முந்தானையை அவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை. "வாயில அடக்கியிருப்பா. வாயைத் தொற" என்றான். திறந்தாள். வாயிலும் ஒன்றும் இல்லை. "சரி, போ" என்றான்.

இதை அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. கூட வேலை செய்தவர்கள் சொல்லித்தான் தெரியும். மறுநாளிலிருந்து மண்டிக்குப் போகவில்லை. திண்டிவனம் ரோட்டில் லாரிகள் நிற்கும் இடத்தில் ஒரு கொட்டாய் போட்டு இட்லி சுட்டு விற்றாள். மண்டிக்காரனின் கார் தினமும் அந்த வழியாகத்தான் போகும். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கும்பிடு போடுவாள். மறந்துவிட்டாள் என்று ஊரே நினைத்தது. மண்டிக்காரனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

அப்புறம் எங்கள் வீட்டுக்கு அந்த பிக்கப் வந்தது. மிலிட்டரி ஏலத்தில் யாரோ எடுத்து, யாரோ ஓட்டித் தேய்த்து, கடைசியில் எங்கள் கைக்கு வந்த வண்டி. மூஞ்சியைப் பார்த்தால் எருமைக்கடா மாதிரி இருக்கும். எங்கள் தெருவில் கூலிக்குப் போகாமல் சொந்த வண்டி ஓட்டின முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான். மேல்சித்தாமூர் மடத்தில் விசேஷம் என்றால் அண்டா குண்டான் ஏற்றிப்போவார். வல்லத்து விவசாயிகள் மல்லாட்டை மூட்டைகளை இவர் வண்டியில் நேராகத் திண்டிவனத்துக்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். செஞ்சி மண்டிக்காரனுக்குப் புகையாமல் இருக்குமா? "இதுங்களுக்கெல்லாம் எதுக்கு மோட்டார்?" என்று நாலு பேர் முன்னால் சொன்னதாகக் காதில் விழுந்தது.

வண்டியைப் பார்த்து அவருக்குத் தெரிந்ததைவிட, கேட்டுத் தெரிந்ததுதான் அதிகம். ஓட்டிக்கொண்டே தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார். "பெல்ட்டு கத்துது", "பேரிங் போவுது" என்பார். இரண்டு நாளில் அதுவே போகும்.

மார்கழிக் கடைசி அது. பொங்கலுக்காக அன்று பகலில் நான் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். பானையும் மட்டையும் கழுவின சுண்ணாம்புத் தண்ணீரை வாசல் ஓரத்தில் கொட்டியிருந்தேன். பொழுது சாய்ந்து அவர் வந்தார். வண்டியைச் சரியாக அந்தச் சேற்றின் மேலேயே கொண்டுவந்து இறக்க, பம்பரெல்லாம் வெள்ளைவெள்ளையாகத் தெறித்தது. கண்ணு எங்கே இருக்குது என்று திட்டினேன். "ரேடியேட்டர் கொதிச்சிருச்சுடி. நல்லவேளை, அக்கா கடையாண்ட நின்னுச்சு. நான் நாலு இட்லி துன்றதுக்குள்ள அக்காவே தண்ணி ஊத்தி வெச்சிச்சு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. படுத்துவிட்டோம்.

விடிந்ததும் வாசல் தெளிக்கப் போனேன். வண்டியின் மூஞ்சிக்குக் கீழே, பம்பருக்கு நேர் அடியில், செக்கச்செவேலென்று தேங்கி இருந்தது. பம்பரிலும் அங்கங்கே சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. ஆட்டை அறுத்த இடம் மாதிரி. சாணிச் சட்டி கையிலிருந்து நழுவியது. கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். என்ன ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடினார். ராத்திரியே ஒழுகி ஓய்ந்திருந்தது, ஒரு சொட்டும் புதிதாக விழவில்லை. விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்து பார்த்தார். "எஞ்சின் ஆயிலுன்னா கறுப்பா இருக்கும். பிரேக் ஆயிலுன்னா பெயின்ட்ட உரிச்சிருக்கும். இது இன்னாடி?" என்றார். முகம் வெளுத்திருந்தது. நான் லாரி ஷெட்டுக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொன்னேன்.

மெக்கானிக்குக்கு முன்னால் அண்ணி வந்துவிட்டாள். காலையில் கடைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போவது வழக்கம். வந்தவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "இன்னாக்கா இது?" என்று தம்பி கேட்கிறார். "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைப் பக்கம் போனாள். இரண்டு வீடு தாண்டிப் போய்வருகிற நேரத்தில் திரும்பி வந்து, எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

மெக்கானிக் வந்தான். நல்ல மனுஷன், வேலை தெரிந்தவன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். தண்ணீர் அடியில் போயிருந்தது. உள்ளே துருவும் இருட்டும்தான். "தண்ணி கொறஞ்சிருக்குது. சூட்டு அழுத்தத்துல முன்னாடி பீச்சி பம்பர் வழியா எறங்கியிருக்கும். அது சரி. ஆனா தண்ணி எப்படி செவப்பாவும்?" என்றான். சேற்றைத் தொட்டுத் தேய்த்தான். "எண்ணெப் பிசுக்கே இல்ல. தம்பி, வண்டிக்குள்ள செவப்பா ஓடுற சங்கதி எதுவுமே கெடயாது. இது வண்டியுது இல்ல" என்றான். பாவி, உண்மையைத்தான் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முதுகுக்குப் பின்னால் அந்த இரண்டு பையன்களும் வந்து நின்றிருந்தார்கள்.

மண்டிக் காவல்காரக் கிழவரின் மகன்கள். முந்தின நாள் மசங்கலில், இருட்டுகிற நேரத்தில், கிழவர் திண்டிவனம் ரோட்டோரம் மண்டை உடைந்து கிடந்திருக்கிறார். எதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்று ஊரெல்லாம் பேச்சாம். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாராம். எங்களுக்கு அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது. பெரியவன் பம்பரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கப்பனை அடிச்சிட்டு வண்டியக் கொண்டாந்து ஊட்டாண்ட நிறுத்திக்கினியா?"

"நான் யாரையும் அடிக்கலப்பா."

"அந்த ரோட்டுல வந்தியா இல்லியா?"

"வந்தேன். ஒரு எடத்துல சக்கரத்துல எதுவோ தடுக்கின மாதிரி இருந்துச்சு. பள்ளம்னு நெனச்சேன்" என்றார் அவர். யாரும் கேட்காமலே சொன்னார். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். அதற்குள் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. நிஜமாகவே ஒரு ஆளை அடித்துவிட்டோமோ என்று நினைக்கிறார்.

அப்புறம் அடி. தெருவே கூடிவிட்டது. அவரை முன்பக்கம் பம்பரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். நான் ஓடினேன், வேப்பமரத்தடிக்கு.

"அண்ணி, உங்க தம்பிய கொல்றாங்க. எதாச்சும் சொல்லுங்க."

"இரு."

"உங்க பேச்சுக்கு அடங்குவானுங்க. வாங்க அண்ணி, உங்க கால்ல விழறேன்."

விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருடி. இன்னும் வரல" என்றாள். யார் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. போலீஸைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் சின்னவன் பின்னாலிருந்து கையை ஓங்கி, அவர் வலது காதோடு சேர்த்து ஒன்று வைத்தான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவருக்குத்தான் கேட்கவில்லை. காதிலிருந்து கழுத்துக்கு ரத்தம் இறங்கியது. பம்பரில் இருந்ததைவிட அது கறுப்பாக இருந்தது.

அப்போதுதான் மண்டிக்காரனின் கார் தெருவுக்குள் நுழைந்தது. அண்ணி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள்.

மண்டிக்காரன் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். "அப்பவே சொன்னேன். இதுங்க கையில வண்டியக் குடுத்தா மனுஷன் ரோட்டுல நடக்க முடியாதுன்னு. ரத்தத்தக் கழுவக்கூட புத்தி வரல பாரு" என்றான்.

"மொதலாளி, கும்புடுறேன்" என்றாள் அண்ணி. "இது ரத்தம்தானுங்களா?"

"ஏன், கண்ணு அவிஞ்சிபோச்சா?"

"நல்லா பாத்து சொல்லுங்க. பெரியவங்க வாயில வர்ற வார்த்த. ரத்தம்தானா?"

"ரத்தம்தான்."

"ரத்தமா இல்லாங்காட்டி?"

"இல்லாட்டி நீ சொல்றத நான் செய்யிறேன், போ."

"இத்தினி பேர் முன்னாலயும்?"

"ஊர் முன்னாலதான். இன்னா இப்ப?"

"எல்லாரும் கேட்டுக்கினீங்க இல்ல?" என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். என்னைப் பார்த்து, "உள்ள போயி வெள்ளக் கிண்ணம் ஒண்ணு எடுத்தாடி" என்றாள்.

கொண்டுவந்தேன். மெக்கானிக்கிடம், ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீர் இறக்கும் திருகைத் திறக்கச் சொன்னாள். கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்தது. மஞ்சள். துருவோடு கலந்த மஞ்சள், ஆனால் மஞ்சள்தான், மோந்தால் சமையற்கட்டு வாசனை. "ஓட்ட ரேடியேட்டருல லாரிக்காரனுங்க மஞ்சத்தூள் போடுவானுங்க, தூள் போய் ஓட்டைய அடைச்சிக்கும். நேத்து சாயங்காலம் தம்பி இட்லி துன்னுக்கினு இருக்கறப்ப நான்தான் தண்ணியோட ஒரு பிடி போட்டு ஊத்தினேன். அவனுக்குத் தெரியாது" என்றாள். வெற்றிலைப் பையைத் திறந்து, விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்துக் கிண்ணத்தில் கரைத்தாள். எல்லார் கண்ணெதிரிலும் கிண்ணம் சிவந்தது. பிறகு காலால், நான் கொட்டின சுண்ணாம்புச் சேற்றைக் காட்டினாள்.

"கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆலாத்தி கரைச்சி சுத்தறீங்களே, அது எந்த ஆட்டு ரத்தம்?"

 பெரிய மகன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தெருவில் நின்ற அத்தனை பெண்களும் வருஷம் பூராவும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்கிறவர்கள். நானும்தான். வண்டி என்றதும் எவளுக்கும் அது தோன்றவில்லை. வண்டிக்குள் மஞ்சள் இருக்கும் என்று எவள் கண்டாள்?

மண்டிக்காரன் கார்ப் பக்கம் திரும்பினான். அண்ணி குறுக்கே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"மடிய உதறு, மொதலாளி."

அவன் சிரிக்கப் பார்த்தான். கூட்டம் சிரிக்கவில்லை. ஊர் முன்னால் கொடுத்த வாக்கு. சற்று முன் என் வீட்டுக்காரரை அடித்த கைகளெல்லாம் இப்போது அவனைப் பார்த்துக் கட்டி நின்றன. இடுப்பில் சுருட்டியிருந்த வேட்டி மடிப்பை அவிழ்த்து உதறினான். ஒரு மூக்குப்பொடி டப்பாவும் சாவியும் விழுந்தன. அவள் குனிந்து பொறுக்கி, மண் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள்.

"வாயைத் தொற."

திறந்தான். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள், நிதானமாக, கீழ்வரிசை மேல்வரிசை எல்லாம். "சரி, போ" என்றாள்.

எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்? அந்த ஆள் கார் ஏறும்போது கால் தடுக்கியதைப் பார்த்து நான் கை தட்டாத குறைதான். அந்தப் பொங்கலில் அண்ணிக்குப் புதுப்புடவை எடுத்துக் கொடுத்து, காலில் விழுந்து கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் கிழவருக்கு நினைவு வந்தது. மிரண்டு ஓடின ஒரு மாட்டு வண்டியின் நுகத்தடி மண்டையில் இடித்ததாம். மோட்டார் வண்டியே இல்லை. மகன்கள் இரண்டு பேரும் வந்து அழுதார்கள். அவர்கள் அழுது என்ன ஆக? என் வீட்டுக்காரருக்கு வலது காது போனது போனதுதான். திண்டிவனம் பெரிய டாக்டரும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார். முந்துகிற லாரி ஹாரன் அடிப்பது அந்தப் பக்கம்தானே? இரண்டு தடவை சாகப் பார்த்தார். பெல்ட் கத்துவதும் பேரிங் போவதும் ஒன்றும் பிடிபடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார், நான் உள்ளே போய்விடுவேன், பார்க்க முடியாது. கடைசியில் பிக்கப்பை விற்றுவிட்டு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே யாருக்குமே காது கேட்காது.

வண்டி போன அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. காவல்காரர் மகன்களுக்கும் மண்டிக்காரனுக்கும் அவ்வளவு காலையில் யார் சொன்னது? எங்கள் வீடு ரோட்டு மேலா இருக்கிறது? மத்தியானம் அவள் கடைக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது ரத்தமில்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பாத்தப்பவே தெரியும். மஞ்சள் போட்டவ நான். ஆலாத்தி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சும்மா நின்னீங்க?"

"அவன் வரணுமில்ல?"

"அவனுக்கு யாரு சொன்னது?"

குழவி சுற்றிக்கொண்டே இருந்தது. "நான்தான் ஆள் அனுப்பினேன். ஒன் காவக்காரன அடிச்ச வண்டி இந்தத் தெருவுல நிக்குதுன்னு சொல்லச் சொன்னேன். பையனுங்க முந்திக்கினானுங்க." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"உங்க தம்பி வண்டி அண்ணி அது."

"வேற எவன் வண்டியா இருந்தா அவன் எறங்கி வந்திருப்பான்?"

"காது போச்சே. பொழப்பு போச்சே."

அப்போது குழவி நின்றது. அவள் கை நின்று நான் பார்த்தது அன்றுதான். "அந்தப் பையன் அப்படி அடிப்பான்னு நெனைக்கலடி" என்றாள். மாவு ஒட்டின கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவன்கிட்ட சொல்லிடாத. வேற எது வேணா செய்யி. அவன்கிட்ட மட்டும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லிவிட்டால் ஒருநாள் அழுவாள், இரண்டு நாள் அழுவாள், அந்த மனுஷன் மூன்றாம் நாள் மன்னித்துவிடுவார். எனக்கு அது போதாது. அவளிடம் இருந்து நான் படித்துக்கொண்ட பாடம் அது. அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றுவேன். அவள் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகிற சமயமாகப் பார்த்து, "ஏங்க, உங்க அக்கா இருக்காங்களே" என்று ஆரம்பிப்பேன். கவளம் பாதியில் நிற்கும். "ரெண்டு நாளா இருமறாங்க, கஷாயம் வெச்சித் தரட்டுமா?" என்று முடிப்பேன். கவளம் உள்ளே போகும். எத்தனை வருஷம் செய்தேன் தெரியுமா? எனக்கு அலுக்கவே இல்லை.

தம்பி அக்காவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். "அக்கா மட்டும் அன்னிக்கு வரலன்னா நான் செத்திருப்பேன்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியில் வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கே தூக்கிவந்தார். பீ மூத்திரம் அள்ளினேன். வேளைக்குக் கஞ்சி, வேளைக்கு மருந்து. ஒரு குறை வைக்கவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒருநாள் காலை கஞ்சியைத் தள்ளிவிட்டு, "அவனக் கூப்புடு. நானே சொல்லிடறேன். இனிமே முடியாதுடி" என்றாள். குரல் நூலாகிவிட்டிருந்தது.

கூப்பிட்டேன். வந்து கட்டில் ஓரமாகக் குந்தினார். அக்கா கடைசியாக என்னவோ சொல்லப்போகிறாள் என்று அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். "அவங்களால சத்தமாப் பேச முடியாது, கிட்டப் போங்க" என்றேன். அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து நான்தான் அவள் வாயருகே சாய்த்தேன். வலது காதைச் சாய்த்தேன்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் போட்டது, பார்த்ததும் தெரிந்துகொண்டது, ஆள் அனுப்பினது, மரத்தடியில் நின்றது. மேலே குனிந்து நின்ற எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். "என்ன மன்னிப்பியாடா?" என்று அவள் நிறுத்தின பிறகும் "சரிக்கா, சரிக்கா" என்று ஆட்டினார். அவளுக்கு அது நெருடியிருக்க வேண்டும். அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள். தன் வாய்க்கு நேரே இருப்பது எந்தக் காது என்று பார்த்தாள். அதைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து சொல்ல அவளிடம் மூச்சு இல்லை.

அவர் நிமிர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னாடி சொல்லிச்சு அக்கா? எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கல."

"சாப்டியான்னு கேட்டாங்க" என்றேன்.

அவருக்குத் தாங்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து, அவளுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"இல்லக்கா. இனிமேதான்."